மறுபடியும் ரிசீவரா?

போன மாதம் ரூம்மேட்டின் வீட்டுக்குச் சாப்பிடப் போய், அவன் அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். டெட்ராய்ட்டுக்குப் பக்கத்து ஊர். மனுஷர் லயன்ஸ் அணியின் பரம ரசிகர். 2008ல் அந்த அணி 16 ஆட்டம் ஆடி 16லும் தோற்றது. உள்ளூரில் நடந்த எட்டு ஆட்டத்துக்கும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, கடைசி நிமிடம் வரை உட்கார்ந்து பார்த்தவர் இவர். அப்படிப்பட்டவரிடம் போய், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மாட் மில்லனை நீங்கள் திட்டுவது சரி, ஆனால் திட்டுகிற காரணம் தப்பு" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் இருபது நிமிடம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்லிவிடுகிறேன். யாரும் குறுக்கே பேச மாட்டீர்கள் இல்லையா :-)

முதலில், அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. என்.எஃப்.எல். என்ற அமைப்பில் 32 அணிகள். வருஷத்துக்கு ஒரு முறை, கல்லூரியில் ஆடி வந்த பையன்களை இந்த அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். இதுதான் டிராஃப்ட். ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வாங்கிய அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. இப்படி ஏழு சுற்று. உங்கள் இடத்தை இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு வேறு இடங்களை வாங்கிக்கொள்ளலாம். ஆட வைப்பது கோச்சின் வேலை. ஆளைப் பிடிப்பது ஜெனரல் மேனேஜரின் வேலை.

மாட் மில்லன் பழைய வீரர். சூப்பர் பவுல் மோதிரம் நான்கு வைத்திருந்தவர். ஆட்டம் விட்டபின் டிவியில் வர்ணனை செய்துகொண்டிருந்தார். 2001ல் லயன்ஸ் முதலாளி அவரைக் கூப்பிட்டு மொத்தப் பொறுப்பையும் கொடுத்தார். ஒரு அணியின் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆள் பிடித்த அனுபவம் அவருக்கு அதற்கு முன் இல்லை. 2008 செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் 31 வெற்றி, 84 தோல்வி. 2005 டிசம்பரில் ரசிகர்கள் அவரை நீக்கச் சொல்லி ஊர்வலமே போனார்கள். இன்றைக்கும் மோசமான ஜெனரல் மேனேஜர் யார் என்று கேட்டால் பலர் வாயில் முதலில் வரும் பெயர் இவருடையது.

குற்றச்சாட்டு என்ன? "ரிசீவரா எடுத்துத் தள்ளினான்." ரிசீவர் என்றால் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர். 2003ல் சார்ல்ஸ் ராஜர்ஸ், 2004ல் ராய் வில்லியம்ஸ், 2005ல் மைக் வில்லியம்ஸ் என்று மூன்று வருஷமும் முதல் சுற்றில், முதல் பத்து இடத்துக்குள், ரிசீவரைத்தான் எடுத்தார். போதாக்குறைக்கு 2007ல் இன்னொருவர். ஐந்து டிராஃப்ட்டில் நான்கு முதல் சுற்று ரிசீவர். கேட்டாலே சிரிப்பு வருகிறது, இல்லையா? எனக்கும் வந்தது. அப்புறம் ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தேன்.

சார்ல்ஸ் ராஜர்ஸ், இரண்டாம் இடம். ஐந்தாவது ஆட்டம் வரை நன்றாகத்தான் ஆடினார். அப்புறம் காறை எலும்பு முறிந்தது. அடுத்த சீசன் முதல் ஆட்டத்திலேயே அதே எலும்பு மறுபடி முறிந்தது. அதற்கடுத்த வருஷம் போதைப்பொருள் விதியை மீறியதாக நான்கு ஆட்டத் தடை. 2006ல் அணியை விட்டு அனுப்பிவிட்டார்கள். மொத்த வாழ்க்கையில் அவர் பிடித்த பந்து 36. அடுத்த இடத்தில், மூன்றாவதாக, ஹூஸ்டன் அணி எடுத்தது யாரை? ஆண்ட்ரே ஜான்சனை. அவரும் ரிசீவர்தான். 2024ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். பாயசம் பக்கத்து இலைக்குப் போய்விட்டது.

ஆனால் இதைத் தேர்வுக் குற்றம் என்று சொல்ல முடியுமா? அன்றைக்கு ராஜர்ஸை முதல் சில இடங்களுக்குள் வைக்காத ஆள் இல்லை. எலும்பு முறியும் என்பது மில்லனுக்கும் தெரியாது, சிரித்தவர்களுக்கும் தெரியாது.

ராய் வில்லியம்ஸ், ஏழாம் இடம். இங்கே ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. மில்லன் கையில் இருந்தது ஆறாம் இடம். ஒரே ஒரு இடம் கீழே இறங்கி, அதற்குக் கூலியாக கிளீவ்லாந்திடம் ஒரு இரண்டாம் சுற்று இடத்தை வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம்தான் வில்லியம்ஸை எடுத்தார். வில்லியம்ஸ் 2006ல் 1,310 கெஜம் எடுத்து ப்ரோ பவுலுக்குப் போனார். 2008ல், மில்லன் போன பிறகு, டல்லாஸ் அணி அவருக்காக ஒரு முதல் சுற்று இடத்தையும் மேலே இன்னும் சிலவற்றையும் கொடுத்தது. ஆடின வரைக்கும் ஆடி, போகும்போது முதலையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ஆள். இது எப்படித் தோல்வி?

மைக் வில்லியம்ஸ், பத்தாம் இடம். இதுதான் உண்மையான தப்பு. அடுத்த இடத்திலேயே டிமார்கஸ் வேர் போனார், 2023ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார் என்பதற்காகச் சொல்லவில்லை. அது பின்னால் தெரிந்தது. அன்றைக்கே தெரிந்த காரணங்கள் இரண்டு. ஒன்று, விதிச் சிக்கலில் மாட்டி 2004 முழுக்க ஆட்டமே ஆடாமல் இருந்தவர் அவர். இரண்டு, மைதானத்தில் பந்து ஒன்றுதான். ஏற்கெனவே இரண்டு பெரிய விலை ரிசீவர் இருக்கும்போது மூன்றாமவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த அணிக்கு அவர் மதிப்பு குறைவு.

அதோடு கதை முடியவில்லை. டெட்ராய்ட்டிலும் அதற்குப் பின் போன இடங்களிலும் சோபிக்காமல், இரண்டு வருஷம் எந்த அணியிலும் இல்லாமல் இருந்த மைக் வில்லியம்ஸ், 2010ல் சியாட்டிலுக்குப் போனார். அங்கே கோச், கல்லூரியில் அவரை வளர்த்த பீட் கேரல். அந்த வருஷம் 65 பந்து, 751 கெஜம். ஆள் அதே ஆள். மாறியது யார் கையில் இருந்தார் என்பது. மில்லன் காலத்து லயன்ஸில் இடைக்காலக் கோச்சையும் சேர்த்து எட்டு வருஷத்தில் நான்கு கோச். ஒருவருக்காக எடுத்த ஆள் அடுத்தவருக்கு வேண்டாதவர் ஆகிவிடுவார். இதில் எது டிராஃப்ட் தப்பு, எது வளர்ப்புத் தப்பு? இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி ஒருவர் தலையில் வைத்தால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

இப்போது 2007. லயன்ஸுக்கு இரண்டாம் இடம். ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு "மறுபடியும் ரிசீவரா?" என்றார்கள். மூன்று முறை சூடு கண்ட பூனைகள், பாவம். அவர்கள் கற்ற பாடம் "ரிசீவர் எடுக்காதே". மில்லனும் அந்தப் பாடத்தைக் கற்றிருந்தால் அன்றைக்கு வேறு யாரையாவது எடுத்திருப்பார். அவர் எடுத்தது கால்வின் ஜான்சனை. 2012ல் ஒரே சீசனில் 1,964 கெஜம் எடுத்துச் சாதனை செய்து, 2021ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன கால்வின் ஜான்சன்!

நான் சொல்ல வருவது இதுதான். முடிவை மட்டும் பார்த்து ஒருவரைத் தீர்ப்புச் சொன்னால், தீர்ப்பு தற்செயலாகச் சரியாக வந்தாலும் பாடம் தப்பாகிவிடும். தப்பான பாடம் அடுத்த டிராஃப்ட்டில் வட்டியோடு வசூலிக்கும்.

அப்படியானால் எப்படித்தான் பார்ப்பது?

முதலில் விலை. இரண்டாம் இடமும் இருபதாம் இடமும் ஒன்றல்ல. 1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் அணியில் ஜிம்மி ஜான்சன் ஒரு அட்டவணை போட்டார். முதல் இடத்துக்கு 3,000 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2,600, பத்துக்கு 1,300, முப்பத்திரண்டுக்கு 590 என்று. "எத்தனை பேர் தேறினார்கள்" என்று தலையை எண்ணாமல், எவ்வளவு புள்ளியைச் செலவழித்து எவ்வளவு வாங்கினார் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அதிர்ஷ்டத்தின் பங்கு. கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் (தேலர் 2017ல் பொருளாதார நோபல் வாங்கியவர்) பல வருஷ டிராஃப்ட்டை அலசினார்கள். ஒரு ஆட்டநிலையில் முதலில் எடுக்கப்பட்ட வீரர், அதே நிலையில் அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு, காசு சுண்டிப் போடுவதைவிடச் சற்றே மேல். அவ்வளவுதான். அதாவது ராஜர்ஸா ஆண்ட்ரே ஜான்சனா என்ற கேள்வியில் பெரும் பங்கு பூவா தலையா. இது உண்மை என்றால், புத்திசாலி செய்ய வேண்டியது "எனக்குக் கண் கூர்மை" என்று நம்பி மேலே ஏறுவது அல்ல. கீழே இறங்கி, ஒன்றுக்கு இரண்டாக வாய்ப்பு வாங்கிக்கொள்வது.

மூன்றாவது, காலம். டிராஃப்ட் முடிந்த மறுநாளே எல்லாரும் அணிகளுக்கு கிரேடு போட்டுவிடுகிறார்கள். விடைத்தாளைத் திருத்தாமலே மார்க்! குறைந்தது மூன்று நான்கு வருஷமாவது பொறுக்க வேண்டாமா?

இந்த மூன்றையும் வைத்து மில்லனைத் திரும்பப் பார்த்தால் வேடிக்கை. அவருடைய முதல் டிராஃப்ட்டே அருமையானது. 2001ல் முதல் சுற்றில் ஜெஃப் பேக்கஸ். இரண்டாம் சுற்றில் டொமினிக் ரயோலா, ஷான் ராஜர்ஸ். பேக்கஸும் ரயோலாவும் பத்து வருஷத்துக்கு மேல் அந்த முன்வரிசையைத் தாங்கியவர்கள். ஷான் ராஜர்ஸ் ப்ரோ பவுல் போனவர். அந்த வருஷம் அணி வென்றது 2, தோற்றது 14. டிராஃப்ட் கணக்கு வேறு, வெற்றிக் கணக்கு வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதற்கப்புறம் என்ன ஆயிற்று? இரண்டாம் சுற்றுகளைப் பாருங்கள். 2002ல் கலிம்பா எட்வர்ட்ஸ், 2003ல் பாஸ் பெய்லி, 2004ல் டெடி லேமன் (கிளீவ்லாந்திடம் வாங்கிய அதே இடத்தில் எடுத்தவர்), 2005ல் ஷான் கோடி, 2006ல் டேனியல் புல்லக்ஸ். ஐந்து வருஷம், ஒருவர்கூட ப்ரோ பவுல் பக்கம் போகவில்லை. ஒருவர் சறுக்கினால் விதி என்று விடலாம். ஐந்து வருஷம் வரிசையாகச் சறுக்கினால் தேடுகிற முறையிலேயே ஓட்டை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுத் திருத்தியதாகத் தெரியவில்லை. கோச்சை மாற்றினார்கள், குவார்ட்டர்பேக்கை மாற்றினார்கள், தேடுகிற தலைமை மட்டும் அப்படியே இருந்தது. 2005ல் அவர் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேறு செய்தார் முதலாளி! என் கணக்கில் மில்லன் மீதான உண்மையான குற்றப்பத்திரிகை இதுதான். ரிசீவர் அதில் ஒரே ஒரு வரி. ஊர்வலத்தில் யாரும் இரண்டாம் சுற்றைப் பற்றி அட்டை பிடித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அட்டைக்கு நகைச்சுவை வேண்டும், இதில் நகைச்சுவை இல்லை.

சரி, இதே தராசில் அதே ஊரின் இன்னொருவரையும் நிறுத்துவோம். இல்லாவிட்டால் தராசு பொய்.

2021 ஜனவரியில் பிராட் ஹோம்ஸ் ஜெனரல் மேனேஜராக வந்தார். 2023 டிராஃப்ட்டில் 12ஆம் இடத்தில் ஓட்டக்காரர் ஜாமிர் கிப்ஸ், 18ல் ஜாக் கேம்ப்பெல். "இந்த மாதிரி ஆட்டநிலைக்கு இவ்வளவு சீக்கிரமா?" என்று மறுநாள் கிரேடு போட்டவர்கள் பலர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்த சீசனில் லயன்ஸ் 12 வெற்றி, 1993க்குப் பிறகு முதல் முறையாகப் பிரிவில் முதலிடம். சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால், மூன்று புள்ளியில்தான் தோற்றார்கள். உடனே ஹோம்ஸ் தீர்க்கதரிசி ஆகிவிட்டார். முன்பு திட்டியவர்களே இப்போது கற்பூரம் காட்டுகிறார்கள்.

இதுவும் அதே தப்பு, திசைதான் வேறு.

ஹோம்ஸ் கிரீடத்தில் பெரிய கல் அமன்-ரா செயின்ட் பிரவுன். 2021ல் நான்காம் சுற்று, 112ஆம் இடம். அவருக்கு முன்னால் 16 ரிசீவர்களை மற்ற அணிகள் எடுத்துக்கொண்டன, அந்தப் பதினாறு பெயரையும் அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். அட்டவணைப்படி 112ஆம் இடத்தின் விலை வெறும் 70 புள்ளி. சார்ல்ஸ் ராஜர்ஸின் விலை 2,600 என்பதை நினைத்துப் பாருங்கள். அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. அதே டிராஃப்ட்டில் அதற்கு முன்னால் ஹோம்ஸ் நான்கு பேரை எடுத்தார். செயின்ட் பிரவுன் இப்படி வருவார் என்று தெரிந்திருந்தால் நான்கு முறை அவரைத் தாண்டிப் போயிருப்பாரா? மற்றவர்கள் யாராவது நடுவில் தூக்கிக்கொண்டு போயிருந்தால்? ஆக, அவருக்கும் தெரியாது. நல்ல ஆள் என்று நினைத்தார், காத்திருந்தார், கிடைத்தார். அவ்வளவே.

நான் ஹோம்ஸுக்கு மார்க் போடுவது வேறொன்றுக்கு. 2023ல் அவர் கையில் இருந்தது ஆறாம் இடம். அதை அரிசோனாவுக்குக் கொடுத்துவிட்டு 12ஐயும் 34ஐயும் வாங்கினார் (இருபக்கமும் சின்னச் சில்லறை சேர்த்து). அந்த 12தான் கிப்ஸ், அந்த 34 சாம் லபோர்ட்டா. ஒன்றுக்கு இரண்டு. அந்த இருவருமே தேறாமல் போயிருந்தாலும் அந்தப் பேரம் நல்ல பேரம் என்றுதான் சொல்வேன். அப்போது என்னோடு சேர்ந்து சொல்ல ரசிகர்களில் ஒருவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

காலம் பற்றிச் சொன்னேனே, அதற்கும் ஹோம்ஸிடமே உதாரணம் உண்டு. 2022ல் முழங்கால் தசைநார் கிழிந்திருந்த ஜேம்சன் வில்லியம்ஸுக்காக 32இலிருந்து 12க்கு ஏறினார். முதல் வருஷம் பெரும்பாலும் ஓய்வு. இரண்டாம் வருஷம் சூதாட்ட விதியை மீறியதற்குத் தடை. 2023 கடைசியில் தீர்ப்புச் சொல்லியிருந்தால் "இன்னொரு சார்ல்ஸ் ராஜர்ஸ்" என்றிருப்போம். 2024ல் ஆயிரம் கெஜம் தாண்டினார்.

இவ்வளவையும் கோர்வையாக அல்ல, கோழித் துண்டைக் கையில் பிடித்தபடி அரைகுறையாகத்தான் ரூம்மேட்டின் அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "நீ எண்ணைப் பார்த்து நியாயம் பேசுகிறாய். நான் பனியில் காரை நிறுத்திவிட்டு நடந்து போய், எட்டு முறை தோற்றதைப் பார்த்துத் திரும்பி வந்தேன். எனக்கு எதற்கு நியாயம்?"

நல்ல கேள்வி. ரசிகனுக்குக் கோபப்பட உரிமை உண்டு, அதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. 31-84க்கு ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதும் நியாயம்தான், பல வருஷம் தாமதமான நியாயம். ஆனால் அடுத்த ஆளை நியமிக்கும்போது கோபத்தை வைத்து நியமிக்க முடியாது. "ரிசீவர் எடுக்காத ஒருவர் வேண்டும்" என்று விளம்பரமா கொடுப்பது?

பேச்சை மாற்றலாம் என்று, அந்தக் காலத்து அணியில் உங்களுக்குப் பிடித்தவர் யார் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "பேக்கஸ்" என்றார். 12 சீசனில் ஒரே ஒரு ஆட்டம் தவிர மற்ற 191லும் தொடக்க வீரராக இறங்கிய ஜெஃப் பேக்கஸ். அந்த 0-16 வருஷத்திலும் பதினாறுக்கும் வந்து நின்றவர்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மடக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, "மில்லன் தன் வாழ்க்கையிலேயே முதன்முதலாக எடுத்த வீரர் அவர்தான், தெரியுமா?" என்றேன்.

"தெரியும்" என்றார். "அதனால்தான் இன்னும் கோபம். முதல் நாளே சரியாகச் செய்யத் தெரிந்த மனுஷன்."

யோசித்துப் பார்த்தால், நான் இரண்டாயிரம் புள்ளி, இரண்டாம் சுற்று என்று சுற்றி வளைத்துச் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். தெரியாமல் தப்புச் செய்தவரை விட்டுவிடலாம். ஒரு முறை சரியாகச் செய்துவிட்டு, அது ஏன் சரியாக வந்தது என்று திரும்பிப் பார்க்காதவரை என்ன செய்வது?

அடுத்த ஏப்ரலில் டிராஃப்ட் முடிந்த மறுநாள் காலை கிரேடுகள் வந்து விழும். அன்றைக்கு யாராவது உங்களிடம் "இந்த ஆளை எடுத்தது முட்டாள்தனம்" என்று சொன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். என்ன விலை கொடுத்தார்? அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும்? போன முறை தவறியபோது எதை மாற்றினார்? மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் இருந்தால் அந்த ஜெனரல் மேனேஜரை நான் இன்னும் கொஞ்சம் நாள் வைத்துக்கொள்வேன்.

பின்குறிப்பு: அடுத்த மாதம் மறுபடி சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை வாயைச் சாப்பாட்டுக்கு மட்டும் திறப்பதாக உத்தேசம்.